பூவரசன் மேல் தப்பில்லை

பூவரசனின் கருமாதிச் சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் பந்தலை விட்டு எழுந்திருக்கவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் அவரை யாருக்கும் தெரியாது. பூவரசனுக்கு நண்டு வியாபாரத்தில் பழக்கமான ஆளாக இருக்கும் என்று நினைத்து, அமுதவல்லி அவருக்கும் இலை போடச் சொல்லியிருந்தாள். அவரும் வயிறாரச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பூவரசனின் அண்ணன் மாசிலாமணியைத் தனியே அழைத்துப் பேசத் தொடங்கிய பிறகுதான், அவர் லாரி முதலாளி அனுப்பி வந்தவர் என்பது தெரிந்தது.

அமுதவல்லிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பிறந்தது, குப்பத்தை ஒட்டியிருக்கும் ஏரியின் வடக்குக் கரையில், தெலுங்கு பேசுகிற ஊரில். பூவரசனைக் கட்டிக்கொண்டு இந்தக் குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கரையில்தான் வேலை. போட் வந்ததும் மீனைக் கூடையில் அள்ளுவாள். விற்காமல் மீந்ததைக் கீறி உப்புப் போட்டுக் காய வைப்பாள். காய்ந்ததை ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவாள். பூவரசன் அண்ணனோடு சேர்ந்து ஃபைபர் போட்டில் கடலுக்குப் போவான். கடலில் மீன்பாடு சரியில்லாத நாட்களில் சும்மா உட்காராமல் ஏரி நண்டை வாங்கி, ஈரச் சாக்கில் கட்டி, மொபெட்டில் வைத்துக்கொண்டு தடா பக்கம் இருக்கும் நண்டுக் கம்பெனியில் போட்டுவிட்டு வருவான். அப்படிப் போன ஒரு காலையில்தான், எளாவூர் செக்போஸ்ட்டையும் ஆரம்பாக்கத்தையும் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே, ஒரு லாரியின் பின்பக்கச் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனான்.

மாசிலாமணி ஒரு காகிதத்தோடு அமுதவல்லியிடம் வந்தார்.

"அமுதா, அந்தாளு சொல்றத கொஞ்சம் கேளு. லாரி ஓனரு மனசு ஒப்பித்தான் குடுக்கறாராம். கையெழுத்து போட்டா இன்னிக்கே பணம். பாப்பா படிப்புக்கு ஆவும்."

"இன்னா எழுதிக்கீது மாமா அதுல?"

அவருக்குச் சரியாகப் படிக்க வராது. மகள் நிவேதா வாங்கிப் படித்தாள். பதினோராம் வகுப்புப் பெண். பாடம் ஒப்பிப்பதுபோல வேகமாக ஆரம்பித்தவள், பாதியில் தடுமாறினாள். 'சாலையோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த லாரியின் பின்புறம், என் கணவர் தன்னுடைய அஜாக்கிரதையால் வேகமாக வந்து மோதி இறந்துவிட்டார். ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை.' அவ்வளவுதான் படித்தாள். காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நைனா மேலதான் தப்புன்னு எழுதிக்கீறாங்க" என்றாள்.

அமுதவல்லி எழுந்து பந்தலுக்கு வந்தாள்.

"எம் புருசன் மேல தப்புன்னு நான் எப்படிங்க கையெழுத்து போடுவேன்? நான் பாத்தனா, நீங்க பாத்தீங்களா?"

"போலீஸ்லயே அப்படித்தாம்மா எழுதிக்கீது. நான் ஒண்ணும் புதுசா சொல்லல. கோர்ட்டு, கேஸுன்னு போனா உனக்கு ஒரு பைசா வராது. அப்புறம் எங்களாண்ட வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டைக்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

மாசிலாமணி கெட்டவர் இல்லை. தம்பி போனதிலிருந்து அவருக்கும் பாதி உடம்பாகிவிட்டது. ஆனால் கோர்ட்டு என்றால், போட்டைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு மாதக் கணக்கில் நடப்பது, கடைசியில் வெறுங்கையோடு திரும்புவது என்பதுதான் அவர் கண்ட அனுபவம். "வந்ததையும் வேணான்னு தள்ளிட்ட. இனிமே நீயாச்சு, உன் கேஸாச்சு" என்றார். அவர் மனைவி முனியம்மா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். அவளையும் அடக்கிவிட்டு வீட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு அமுதவல்லி எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அஜாக்கிரதை என்ற அந்த ஒரு சொல்தான் அமுதவல்லியை அறுத்தது. பூவரசன் மொபெட் ஓட்டுகிற அழகைக் குப்பமே கேலி செய்யும். சைக்கிள்காரன்கூட மணியடித்து அவனை முந்திக்கொண்டு போவான். "நண்டு உசுரோட போய்ச் சேரணும்ல" என்று சிரிப்பான். அந்த மனிதன் வேகமாகப் போய் நிற்கிற லாரியில் மோதினானாம். மகள் நாளைக்கு இதைத்தானே அப்பாவின் கதையாக நினைத்துக்கொண்டிருப்பாள்?

முதலில் சூளூர்ப்பேட்டையில் ஒரு வக்கீலிடம் போனாள். "நீ தமிழ்நாட்டு ஆள், அங்கேயே போய்ப் பார்" என்றார் அவர். பொன்னேரியில் இன்னொருவர், "விபத்து ஆந்திராவில், எஃப்.ஐ.ஆர். தெலுங்கில். இங்கே போட முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார். இப்படியே அங்கும் இங்குமாக அலைந்ததில் மாதங்கள் ஓடிவிட்டன.

ஆரம்பாக்கத்தில் வழக்கமாக அவளிடம் கருவாடு வாங்கும் தனக்கோடி, ஒருநாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். தனக்கோடி நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். வரப்புத் தகராறு ஒன்றில் கோர்ட்டு வாசலை மிதித்துப் பழகியவள்.

"பொன்னேரி கோர்ட்டுக்குள்ளயே இலவச சட்ட உதவின்னு ஒரு ரூம்பு கீது. பொம்பளைங்கன்னா யாராயிருந்தாலும் சொம்மாவே வக்கீல் வெச்சுக் குடுப்பாங்க. எங்களுக்கு ஜெஸ்ஸி மேடம்தான் பாத்தாங்க. நாளைக்கே போ, தள்ளிப் போடாத."

அமுதவல்லி மறுநாளே போனாள். ஜெஸ்ஸி அவள் வயதுக்காரிதான். படபடவென்று பேசுவாள், ஆனால் அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசமாட்டாள். அமுதவல்லி சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, முதலில் தேதியைத்தான் கணக்குப் போட்டாள்.

"விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டாகணும். நல்லவேளை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. எந்த ஸ்டேட்ல நடந்தா என்ன, நீங்க குடியிருக்கிற இடத்துலயே இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். சட்டமே அப்படித்தான் சொல்லுது. தெலுங்குப் பேப்பரை நாம மொழிபெயர்த்துக்கலாம்."

"போலீஸ்ல அவர் மேல தப்புன்னு எழுதிக்கீறாங்களே மேடம்?"

"லாரி டிரைவர் சொன்னதை எழுதியிருக்காங்க. செத்தவர் வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல? ஆனா போலீஸ் எழுதினதே முடிவு கிடையாது. நீதிபதி சாட்சியைக் கேட்டு அவரே முடிவு பண்ணலாம். அதுக்கு, கண்ணால பார்த்த ஒருத்தர் நமக்கு வேணும். யாராவது இருக்காங்களா?"

தெரியாது என்றாள் அமுதவல்லி. அதுவரை அந்த இடத்தை அவள் பார்த்ததுகூட இல்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

மனு போட்ட வாரமே, பொன்னேரியில் ரயிலேறித் தடாவில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நெடுஞ்சாலைக்குப் போனாள். போலீஸ் பேப்பரில் குறித்திருந்தது, லாரிகள் ஒதுங்கி நிற்கிற ஓர் இடம். அங்கே நீல நிறத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு டிபன் கடை. தள்ளுவண்டியில் தோசைக்கல், பக்கத்தில் இட்லிப் பானை, இரண்டு பெஞ்சு. ஐம்பதை நெருங்கிய ரமணம்மா தனியாளாகக் கடையை நடத்திக்கொண்டிருந்தாள். அமுதவல்லி தெலுங்கில்தான் பேசினாள். தான் யார் என்று சொன்னதுமே ரமணம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நான் எதையும் பார்க்கலம்மா. அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"இங்க நடந்திருக்கு, உன் கடைக்கு எதிர்லயே. எப்படி அக்கா பார்க்காம இருப்ப? ஒரு உயிர் போயிருக்கு!" அமுதவல்லியின் குரல் உயர்ந்தது. பெஞ்சில் இருந்த டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரமணம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்த லாரிக்காரங்கதான் எனக்குச் சோறு போடறவங்க. நாளைக்கு இவங்க வண்டியை நிறுத்தலைன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது. போயிடும்மா."

அமுதவல்லி ஜெஸ்ஸியிடம் வந்து குமுறினாள். "அது பாத்துருக்குது மேடம். மூஞ்சிலயே தெரியுது. நீங்க கோர்ட்டுல சொல்லி இஸ்துகினு வாங்க."

"சம்மன் அனுப்பி வரவழைக்கலாம். ஆனா மனசில்லாம வந்து, கூண்டுல ஏறி 'நான் பார்க்கல'ன்னு சொல்லிட்டாங்கன்னா நம்ம கேஸ் அங்கயே முடிஞ்சுடும். அவங்க பயமும் நியாயமான பயம்தான். கொஞ்சம் பொறுங்க. நான் வேற ஏதாவது கிடைக்குதான்னு பார்க்கறேன்."

வேறு எதுவும் கிடைக்கவில்லை. இதற்கிடையில் அமுதவல்லியின் விசாரணை வந்தது. கூண்டில் ஏறுவதற்கு முன் ஜெஸ்ஸி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், பூவரசனின் வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நல்ல பாடு வந்தால் எவ்வளவு, ஒன்றுமில்லாத நாட்கள் எத்தனை என்று கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்டார். இல்லை என்றாள். சொல்லிவிட்டு, எல்லாம் போயிற்று என்று கலங்கிப்போய் இறங்கி வந்தாள். "அவருக்குத் தலையில காயமே இல்லை. மார்புலதான் அடி. போஸ்ட்மார்ட்டத்துல தெளிவா இருக்கு. ஹெல்மெட்டைப் பத்தி நான் வாதாடிக்கறேன். நீங்க பொய் சொல்லலை பாருங்க, அதுதான் முக்கியம்" என்று ஜெஸ்ஸி தேற்றினாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே அமுதவல்லிக்கு வேறொரு நினைப்பு வந்தது. கோர்ட்டில் எல்லோரும் பூவரசனின் சாவைப் பற்றி என்னென்னவோ கேட்டார்கள். அவள் கேட்க நினைத்ததை யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதில் தெரிந்தவள் ஒருத்திதான்.

மறுபடியும் தடாவுக்குப் போனாள். இந்தத் தடவை கூட்டம் இருக்கும்வரை தள்ளியே நின்றாள். டிரைவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரமணம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான் சாட்சிக்குக் கூப்பிட வரலை அக்கா" என்றாள். "அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒண்ணும் சாப்பிடலை. நான் தூங்கிட்டேன். எழுப்ப வேணாம்னு அவரும் அப்படியே போயிட்டார். வெறும் வயித்தோட போயிட்டாரா? அதை மட்டும் சொல்லு, நான் போயிடறேன்."

ரமணம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டான். மூணு இட்லி, ஒரு தோசை. இந்தப் பக்கம் வந்தா இங்கதான் சாப்பிடுவான். அதுக்கு முந்தின தடவை எனக்கு ரெண்டு நண்டு கொடுத்தான், காசு வாங்கலை. அன்னைக்கு நான் காசு வேணாம்னு சொன்னேன். கேட்கலை, வெச்சுட்டுத்தான் போனான்."

அமுதவல்லி அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ரமணம்மாவால்தான் அதோடு நிறுத்த முடியவில்லை. ஒன்றைச் சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. பூவரசன் வண்டியில் ஏறி, காலைத் தரையில் ஊன்றியபடி, ரோட்டில் ஏறுவதற்காகக் காத்து நின்றிருக்கிறான். முன்னால் நின்ற லாரிக்கு முன்பக்கம் வழி அடைத்திருந்தது. பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க கிளீனரும் இல்லை. டிரைவர் ஏறிய வேகத்தில் அப்படியே பின்னால் எடுத்துவிட்டான். ரமணம்மா கத்தியிருக்கிறாள், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

"நான்தான் தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சான்" என்று சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் அமுதவல்லியும் கேட்கவில்லை. கொண்டுவந்திருந்த சென்னாக்குனிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வந்தாள். போன் நம்பரை மட்டும் கொடுத்தாள்.

குப்பத்துக்கு வந்ததும் நேராக மாசிலாமணியிடம் போனாள். அவர் கரையில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாசிலாமணியின் கை நின்றது.

"அப்போ வண்டி ஓடவேயில்லியா?"

"இல்ல மாமா. காலை ஊனிக்கினு நின்னுகினு இருந்தாரு."

அந்தப் பெரிய மனிதர் வலையை முகத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதார். "நான் அவனத் திட்டிக்கினே இருந்தேன் அமுதா. இத்தினி மாசமா மனசுக்குள்ள அவனத்தான் திட்டிக்கினு இருந்தேன். ஏண்டா அப்படி ஓட்டிக்கினு போனே, ஏண்டா எங்கள இப்படி நடுத்தெருவுல வுட்டேன்னு."

ரமணம்மாவிடமிருந்து போன் வர இன்னும் பல வாரங்கள் ஆயின. வந்தபோது, முன்பின் பேச்சில்லாமல் நேராகக் கேட்டாள். "எந்தத் தேதின்னு சொல்லு, வரேன். ஆனா கடையை ஒருநாள்கூட மூட முடியாது. மூடினா அந்த இடத்துல வேற எவனாவது வண்டியைப் போட்டுடுவான். யார் பார்த்துப்பா?"

அமுதவல்லி போனைப் பொத்திக்கொண்டு அதைத் தமிழில் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த முனியம்மாதான் வழி சொன்னாள். "நான் போறேன். ஊர்த் திருவிழாவுக்கே ஆக்கிப் போட்டவ நானு. நாலு லாரிக்காரனுக்குத் தோசை ஊத்த மாட்டனா? அந்தம்மாவ நிம்மதியா வரச் சொல்லு."

அப்படியே நடந்தது. மாசிலாமணி அன்று கடலுக்குப் போகவில்லை. முனியம்மாவைக் காலையிலேயே தடாவில் கொண்டுபோய் விட்டார். அடுப்பையும் மாவையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்த ரமணம்மாவை, அதே பைக்கில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி வந்து சேர்ந்தார். வருகிற வழி முழுக்க அவர் பைக்கை மெதுவாகத்தான் ஓட்டினார் என்று ரமணம்மா பிறகு சொல்லிச் சிரித்தாள்.

ரமணம்மாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. தெலுங்கு தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று நீதிபதி கேட்டபோது, கோர்ட்டில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். ஒரு மூத்த வக்கீல் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, அவள் சொல்வதைத் தமிழில் சொன்னார்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். "நீங்கள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ரோட்டோரம் நடந்ததை எப்படிப் பார்த்திருக்க முடியும்?"

"அவன் எனக்குக் கையை ஆட்டிட்டுப் போனான் ஐயா. நான் அவனைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"உண்மையாகவே பார்த்திருந்தால் போலீசிடம் ஏன் சொல்லவில்லை?"

ரமணம்மா கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "யாரும் என்னைக் கேட்கலை. நானா போய்ச் சொல்ல பயமா இருந்தது. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

நீதிபதி தலையை நிமிர்த்தி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு, அவள் சொன்னதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

தீர்ப்பு வர மேலும் சில மாதங்கள் பிடித்தன. அன்று நிவேதாவும் வந்திருந்தாள். தீர்ப்பு நகலைக் கையில் வாங்கியதும் ஜெஸ்ஸி அதைத் தாழ்வாரத்தில் நின்றபடியே வாசித்தாள். லாரி ஓட்டுநர் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்ததே விபத்துக்குக் காரணம், இறந்துபோன பூவரசன் மீது எந்தத் தவறும் இல்லை, குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரவேண்டும். தொகை எவ்வளவு என்று ஜெஸ்ஸி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"இருங்க மேடம்" என்றாள் அமுதவல்லி. "அந்த வரிய இன்னொரு வாட்டி படிங்க."

ஜெஸ்ஸி காகிதத்தை நிவேதாவிடம் கொடுத்தாள். நிவேதா இந்தத் தடவை தடுமாறாமல் படித்தாள். மாசிலாமணி, தூணில் சாய்ந்துகொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகும் என்று பயந்தார்கள், போகவில்லை. வந்த பணத்தில் ஒரு பகுதியை நீதிமன்றமே நிவேதாவின் பெயரில் வங்கியில் போட்டது. அதை வைத்துத்தான் இப்போது அவள் பொன்னேரியில் கல்லூரி படிக்கிறாள். மீதியில் அமுதவல்லி, கருவாடு காய வைக்க சிமெண்டுத் தளம் போட்டு, மழைக்குக் கூரையும் போட்டுக்கொண்டாள். தடா பக்கம் போனால் ரமணம்மா கடையில் உட்காராமல் வருவதில்லை. அங்கே லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்துவது நின்றுபோகவில்லை. ஒருவன் மட்டும் சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு அவனும் பசிக்கு வந்துவிட்டான்.

ஜெஸ்ஸி சொல்லித்தான் அமுதவல்லி சட்டத் தன்னார்வலர் பயிற்சியில் சேர்ந்தாள். வகுப்பில் சட்டப் பிரிவுகளின் எண்கள் அவளுக்கு மனத்தில் நிற்கவேயில்லை, இன்றைக்கும் நிற்பதில்லை. எந்தப் பிரிவு என்று யாராவது கேட்டால் ஜெஸ்ஸியைக் காட்டிவிடுவாள். ஆனால் ஏரியைச் சுற்றி எந்த ஊரில் இப்படி ஒரு சாவு நடந்தாலும், துக்கம் விசாரிக்கப் போவதுபோலப் போய், அந்த வீட்டுப் பெண்களிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு வருவாள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாதம் போகவிடாதீர்கள்.

சென்ற மாதம் அவளோடு பொன்னேரிக்கு வந்தவள் நந்தினி. கரையிலிருந்து தள்ளியிருக்கும் கிராமத்து நெல் விவசாய வீட்டுப் பெண். வைக்கோல் ஏற்றிப் போன டிராக்டரில் கார் மோதியதில் புருஷனைப் பறிகொடுத்தவள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. முதல்முறை கோர்ட்டுக்குள் நுழைந்ததில், கறுப்புக் கோட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சுவரோரமாகவே ஒதுங்கி நின்றாள்.

"அக்கா, என்னை என்ன கேப்பாங்க? எனக்கு ஒண்ணுமே சொல்லத் தெரியாதே?"

"தெரிஞ்சத சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நீ இங்க ஒருத்தியா நின்னுகினு இல்ல, நாங்க கீறோம்" என்று அமுதவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. "காலைல ஏதாவது சாப்ட்டியா?"

நந்தினி இல்லை என்று தலையசைத்தாள்.

"வா, எதிர்ல கேன்டீன் கீது. கூப்பிடறதுக்கு இன்னும் நேரமாவும்" என்று சொல்லி, அமுதவல்லி அவளை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்துப் படிகளில் இறங்கினாள்.